ஹைடனுக்கு இரண்டு தலை

1809 மே 31. வியன்னாவில் ஜோசப் ஹைடன் கண்ணை மூடினார். வயது 77. நூறுக்கு மேல் சிம்பொனி எழுதியவர், மொத்சார்ட்டின் நண்பர், பேத்தோவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இத்தனை பெரிய மனிதர் சாவதற்குத் தேர்ந்தெடுத்த நேரம் மட்டும் சரியில்லை. நெப்போலியனின் பட்டாளம் அப்போதுதான் ஊரைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது மேளதாளத்தோடு எங்கே வழியனுப்புவது? மறுநாளே ஒரு புறநகர்க் கல்லறையில் அடக்கம் முடிந்தது. அதற்கு மூன்றாம் நாள் தலையைக் காணவில்லை.

திருடியவர்கள் மந்திரவாதிகள் இல்லை. சலவை கலையாத கனவான்கள். ஒருவர் ரோசன்பாம். ஹைடன் ஆயுளில் பெரும்பகுதி ஊழியம் பார்த்த எஸ்டர்ஹாசி அரண்மனையில் ஒரு காலத்தில் செயலாளராக இருந்தவர், ஹைடனை நேரில் பழகி அறிந்தவர். இன்னொருவர் பீட்டர். இவர் சிறைச்சாலை நிர்வாகி. திருடர்களைப் பூட்டி வைப்பது பகல் நேர உத்தியோகம், திருடுவது சாயங்காலப் பொழுதுபோக்கு. முந்தைய வருஷம் இறந்துபோன ஒரு நாடக நடிகையின் தலையில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆகவே ஹைடன் விஷயத்தில் தடுமாற்றம் இல்லை. வெட்டியானுக்குக் காசு கொடுத்தார்கள், பொட்டலம் கைக்கு வந்தது. ஜூன் மாத வெயிலுக்குத் தலை எந்த நிலையில் இருந்தது என்பதை ரோசன்பாமே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வண்டியில் போகும்போதே வாந்தி எடுத்தாராம். ஆனாலும் பொட்டலத்தைக் கீழே போடவில்லை. கலை ஆர்வம்.

சதையெல்லாம் போக்கிச் சுத்தம் செய்து, மண்டையோட்டைத் தடவிப் பார்த்த பீட்டர் பரவசமானார். நெற்றிப் பக்கம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே இசை மேடு முழுசாக வளர்ந்திருந்தது என்று அறிவித்தார். ஹைடனுக்கு இசை வரும் என்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த சங்கதி. அதை உறுதி செய்துகொள்ளத்தான் தலையை வெட்டவேண்டியிருந்தது. பிறகு ஒரு கறுப்பு மரப்பெட்டி, உள்ளே பட்டு மெத்தை, கண்ணாடி ஜன்னல், மேலே தங்க நிறத்தில் ஒரு யாழ். விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு ஒரு சாமான் தயார்.

பதினோரு வருஷம் ஒருவருக்கும் தெரியாது. எஸ்டர்ஹாசி இளவரசர் நிக்கோலஸ், ஹைடனின் உடலைத் தன் ஊரான ஐசன்ஷ்டாட்டுக்குக் கொண்டுபோக 1809லேயே அனுமதி வாங்கிவிட்டு, வாங்கியதையே மறந்துபோனார். 1820ல் கேம்பிரிட்ஜ் கோமகன் விருந்துக்கு வந்தார். ஹைடன் உயிரோடு இருந்தபோது அவரை வைத்திருந்ததோடு, இப்போது அவரது பூதவுடலையும் வைத்திருக்கிறீர்களே, கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள் என்றார். இளவரசர் மறுப்புச் சொல்லாமல் சிரித்துவைத்தார். விருந்தாளி வண்டி ஏறியதும் ஆளை அனுப்பிக் குழியைத் தோண்டச் சொன்னார். உள்ளே உடல் இருந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விக் மட்டும் இருந்தது.

இளவரசருக்கு வந்த கோபத்தில் வியன்னா போலீஸ் ஓடியது. கொஞ்ச நாளிலேயே ரோசன்பாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் மண்டையோட்டை வைக்கோல் மெத்தைக்குள் திணித்தார். அவர் மனைவி தெரேசா, ஆப்பெரா பாடகி, மேடை அனுபவம் உள்ளவர். அந்த மெத்தைமேல் படுத்துக்கொண்டு, தான் வீட்டு விலக்கு என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர்கள் முகம் சிவந்து வெளியேறினார்கள். ஆஸ்திரியப் பேரரசின் துப்பறியும் திறன் அத்தோடு முடிந்தது.

இளவரசர் பிறகு பேரத்துக்கு வந்தார், பணம் தருகிறேன் என்றார். ரோசன்பாம் ஒரு மண்டையோட்டைக் கொடுத்தார். வைத்தியர் பார்த்துவிட்டு, இது இருபது வயசுப் பையனுடையது என்றார். மன்னிக்கவும் என்று இன்னொன்றைக் கொடுத்தார்கள். இது கிழவருடையது. சரி, இதுதான் ஹைடன் என்று உடலோடு சேர்த்துப் புதைத்தார்கள். சொன்ன பணத்தை இளவரசர் தரவில்லை. சொன்ன தலையை ரோசன்பாமும் தரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பும் நாணயமானவர்கள்.

அசல் தலை கைமாறிக் கைமாறி, 1895ல் வியன்னாவின் இசை நண்பர்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே கண்ணாடிக்குள் அறுபது வருஷம் இருந்துவிட்டு, 1954 ஜூனில் ஊர்வலமாக ஐசன்ஷ்டாட்டுக்குப் போய் உடலோடு சேர்ந்தது. பழைய கிழவரின் தலையை எடுத்தார்களா என்றால், இல்லை. 145 வருஷம் தன் தலையில்லாமல் கிடந்த மனிதருக்கு வட்டியோடு சேர்த்து இரண்டு தலை. பளிங்குக் கல்லறைக்குள் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம், மண்டை மேட்டைத் தடவி மனிதனைப் படிக்கலாம் என்று சொல்லி வியன்னாவில் பெரிய பெயர் வாங்கியிருந்த டாக்டர் ஃப்ரான்ஸ் யோசப் கால். பெயர்தான் கால், வேலை பூராவும் தலையில்.

அவருக்கு முன்னால் மூளையை யாரும் பெரிய மனிதனாக மதித்ததில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மதித்தவர்கள் குறைவு. எகிப்தில் பாடம் செய்யும்போது இதயத்தைப் பத்திரமாக உடம்பிலேயே விட்டுவிட்டு, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்துத் தூக்கி எறிந்தார்கள். மறுமையில் ஆளப்போகிற மன்னருக்கு அது தேவைப்படாது என்பது கணிப்பு. பல மன்னர்கள் விஷயத்தில் சரியான கணிப்பும்கூட. அரிஸ்டாட்டில், சிந்திப்பது இதயம், மூளை வெறுமனே ரத்தத்தைக் குளிரவைக்கிற சாமான் என்றார். அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டால் ஆயிரம் வருஷத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்பது ஐரோப்பிய மரபு. ஹிப்போகிராட்டஸ் வழியில் வந்த வைத்தியர்களும் பழங்கால வைத்தியர் கேலனும் மூளைதான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இதைத் தாண்டி டாக்டர் காலிடம் வந்துவிடுவோம்.

1758ல் பிறந்த கால், பள்ளிக்கூடத்தில் சுமாரான மாணவர். தன்னைவிட மக்கான பையன்கள் மனப்பாடத்தில் மட்டும் முந்திக்கொண்டு போவது அவருக்கு வயிற்றெரிச்சல். உற்றுப் பார்த்தார். முந்துகிறவர்களுக்கெல்லாம் முட்டைக்கண். ஆக, வார்த்தைகளை நினைவு வைக்கிற உறுப்பு கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது, அது பெருத்துப்போய்க் கண்ணை முன்னால் தள்ளுகிறது என்று முடிவு கட்டினார். வகுப்பில் முதல் மாணவனைப் பார்த்து நாமும் என்னென்னவோ நினைத்திருப்போம். அதை விஞ்ஞானமாக்கியவர் இவர் ஒருவர்தான்.

டாக்டர் ஆனபிறகு இதையே பெரிதாக்கினார். மனசுக்கு 27 குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனி இடம். எந்த இடம் வளர்ந்திருக்கிறதோ அங்கே மண்டையோடும் மேடு தட்டும். வெளியே தடவினால் உள்ளே இருக்கிற ஆளைப் படித்துவிடலாம். 27ல் 19 மிருகங்களுக்கும் உண்டு, மீதி மனிதனுக்கு மட்டும். பட்டியலில் தாய்ப்பாசம், பக்தி, கணக்கு, இசை எல்லாம் இருந்தன. கொலையும் திருட்டும்கூட இருந்தன.

இந்த 27 இடங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் சுவாரசியம். கொலை உறுப்பு காதுக்கு மேலே. காரணம், மாமிசம் தின்னும் விலங்குகளுக்கு அங்கே அகலம். பிராணிகளை வதைத்து மகிழ்ந்த ஒரு மாணவனுக்கும் அங்கே அகலம், அவன் பிற்பாடு அறுவை சிகிச்சை நிபுணன் ஆனான். ஒரு மருந்துக் கடைக்காரருக்கும் அங்கே அகலம், அவர் தூக்குப் போடுகிறவர் ஆனார். மூன்று சாட்சி போதாதா? கர்வத்தின் இருப்பிடத்தை ஒரு பிச்சைக்காரர் காட்டிக்கொடுத்தார். வேலை செய்ய மனசு வராத கர்வத்தால்தான் சொத்தெல்லாம் போய்ப் பிச்சைக்கு வந்தேன் என்று அவர் சொல்ல, கால் உடனே அவர் உச்சந்தலையைத் தடவினார். மேடு இருந்தது. பக்தியின் இடத்துக்கு தேவாலயத்தில் போய் நின்று, உருகி உருகி ஜெபம் செய்கிறவர்களின் தலையைக் கவனித்தார். காமத்தின் இடம் பிடரி. ஒரு இளம் விதவைக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது பிடரியில் கை வைத்தாராம், அது சூடாக இருந்ததாம். டாக்டரின் கை ஏன் அங்கே போனது என்பதற்குப் பட்டியலில் தனி உறுப்பு இல்லை.

கால் மண்டையோடு சேகரிக்கத் தொடங்கியதும் வியன்னாவில் பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் போனது. பேரரசரின் நூலகர் டெனிஸ் என்பவர், தன் தலை கால் கைக்குப் போகக்கூடாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார் என்பார்கள். 1801 டிசம்பரில் பேரரசர் ஃப்ரான்சிஸ், காலின் வீட்டுச் சொற்பொழிவுகளைத் தடை செய்தார். இந்தத் தலை விவகாரத்தில் ஆர்வம் அதிகமாகிச் சிலர் தங்கள் தலையை இழந்துவிடக்கூடும், மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஆகாது என்று காரணம் எழுதினார். ஒரு பேரரசருக்கு நகைச்சுவை வரும் என்பதற்கு ஐரோப்பிய வரலாற்றில் இது அபூர்வமான சான்று. ஹைடன் விஷயத்தில் அது பலிக்கவும் செய்தது.

தடை செய்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மவுசு ஏறியது. 1805ல் கால் தன் சீடர் ஸ்புர்ட்ஸ்ஹைமைக் கூட்டிக்கொண்டு, மண்டையோட்டுப் பெட்டிகள், மெழுகில் வார்க்க ஒரு ஆள் என்று பரிவாரத்தோடு ஜெர்மனி முழுக்கக் கிளம்பினார். பெர்லின் சிறையில் கைதிகளை வரிசையாக நிறுத்தித் தலையைத் தடவி, இவன் திருடன், இவனும் திருடன் என்று பிசகாமல் சொன்னார். சிறைச்சாலையில் இது அவ்வளவு கஷ்டமில்லை. கட்டணம் கொடுத்துக் கூட்டம் வந்தது. கதே வந்து உட்கார்ந்து கேட்டார். கதேயின் நெற்றியைப் பார்த்த கால், நீங்கள் பிறந்தது மேடைப் பேச்சாளர் ஆவதற்கு என்றார். ஜெர்மன் மொழியின் மகாகவி அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

கால் பாரிசில் குடியேறியபின் விஞ்ஞானிகள் அவரைச் சும்மா விடவில்லை. குவியே தலைமையில் ஒரு குழு 1808ல் கைவிரித்தது. ஃப்ளூரென்ஸ் என்ற விஞ்ஞானி புறா, கோழிகளின் மூளையைப் பகுதி பகுதியாக எடுத்துப் பார்த்து, கால் சொல்கிறமாதிரி எதுவும் இல்லை என்றார். அந்த ஃப்ளூரென்ஸ் சொல்லும் கதை ஒன்று உண்டு. லாப்லாஸ் என்ற கணித மேதையின் மூளை மஜாந்தி என்பவரிடம் இருந்தது. ஸ்புர்ட்ஸ்ஹைம் அதைப் பார்க்க ஆசைப்பட்டார். மஜாந்தி வேண்டுமென்றே மூளை வளர்ச்சி இல்லாத ஒருவருடைய மூளையை எடுத்துக் காட்டினாராம். ஸ்புர்ட்ஸ்ஹைம் அதன் வளைவு நெளிவுகளில் மெய்மறந்து, லாப்லாஸைப் பாராட்டிவிட்டுப் போனாராம்.

ஆனால் இந்த மாதிரி ஆட்களைத் தோற்கடிக்க முடியாது. தெகார்த்தேயின் மண்டையோட்டில் சிந்தனை மேடு தட்டையாக இருந்தது என்று தெரிந்தபோது, அப்படியென்றால் தெகார்த்தே நாம் நினைத்த அளவுக்குப் பெரிய சிந்தனையாளர் இல்லை என்று ஸ்புர்ட்ஸ்ஹைம் சொன்னாராம். கொலைகாரனுக்கு இரக்க மேடு பெருத்திருந்தால், மற்ற மேடுகள் அதை அமுக்கிவிட்டன என்பார்கள். சாதுவுக்குக் கொலை மேடு இருந்தால், பக்தி மேடு அதைக் கட்டிப்போட்டது என்பார்கள். பல்லி எந்தப் பக்கம் விழுந்தாலும் பலன் உண்டு.

ஸ்புர்ட்ஸ்ஹைமுக்கு வியாபாரம் புரிந்தது. கொலை, திருட்டு என்று பச்சையாகச் சொன்னால் எவன் காசு கொடுப்பான்? கொலை உறுப்பை 'அழிக்கும் ஆற்றல்' ஆக்கினார், திருட்டு உறுப்பு 'சேர்க்கும் ஆற்றல்' ஆனது. இறைவன் மனிதனுக்குக் கெட்ட உறுப்பையா வைப்பார் என்றார். புதிதாகச் சில உறுப்புகளையும் சேர்த்தார். இன்றைக்குக் கம்பெனி மனிதவள அதிகாரிகள் பேசுகிற பாஷையின் முப்பாட்டன் இவர்தான். ஆனால் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் எடின்பரோ வக்கீல் ஜார்ஜ் கோம் இதைக் குடும்பப் பத்திரிகை அளவுக்குக் கொண்டுபோனார். 1828ல் அவர் எழுதிய புத்தகம் அந்த நூற்றாண்டில் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' விற்றதைவிடப் பல மடங்கு விற்றது. விக்டோரியா ராணியின் பிள்ளைகள் தலையைத் தடவிப் பார்க்க அரண்மனையிலிருந்தே அழைப்பு வந்தது. டார்வின் தலையும் தப்பவில்லை. ஜெர்மனியில் ஒரு சங்கத்தார் அவர் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். அவருக்கு இருக்கும் பக்தி மேடு பத்துப் பாதிரியாருக்குக் காணும் என்று ஒருவர் பேசினார். டார்வின் இதைத் தன் சுயசரிதையில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

சிரிப்பு வராத பக்கமும் இதற்கு உண்டு, அது நம் பக்கம். 1830களில் மத்திய இந்தியாவின் சாகர் நகரில் தக்கர்கள் என்று குற்றம் சாட்டித் தூக்கிலிட்டவர்களில் ஏழு பேரின் தலையை, கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் ஒருவர் சுத்தம் செய்து எடின்பரோவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே அளந்து பார்த்தார்கள். வழிப்போக்கர் கழுத்தை நெரித்துக் கொன்றவர்கள் என்று சொல்லப்பட்ட இந்த ஆட்களுக்குக் கொலை மேடு பிரமாதமாக இல்லை. அளந்தவர் அசரவில்லை. சேர்க்கும் ஆற்றல், மறைக்கும் ஆற்றல், இரக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்று கட்டுரை எழுதினார். காலனி மக்களின் தலையைப் பற்றி ஐரோப்பியர் செய்துவைத்திருந்த முடிவுகளுக்கு அளவுநாடா தேவைப்பட்டதே இல்லை. நாடா பிடித்தது முடிவுக்குப் பிறகு.

அமெரிக்காவுக்குப் போனதும் இது சுத்தமான வியாபாரம் ஆனது. ஃபௌலர் சகோதரர்கள் நியூயார்க்கில் கடை திறந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், கையில் மதிப்பெண் பட்டியல். கல்யாணத்துக்குப் பொருத்தம், பையனுக்கு ஏற்ற தொழில், வேலைக்காரனின் நாணயம், எல்லாவற்றுக்கும் தலை. வால்ட் விட்மன் 1849ல் தடவச் சொல்லி நல்ல மதிப்பெண் வாங்கினார். வாழ்நாள் முழுக்க அதைப் பெருமையாக வைத்திருந்தார். 1855ல் அவர் கவிதைத் தொகுப்பை விற்றுக் கொடுத்தவர்களும் ஃபௌலர் கடைக்காரர்களே. செத்தபிறகு விட்மனின் மூளையை விஞ்ஞானிகள் ஆராய எடுத்தார்கள். ஆய்வகத்தில் உதவியாளர் ஒருவர் கை தவறிப் போட்டுவிட்டார் என்பது பதிவு. கவிஞர்களுக்கு விமர்சகர்கள் எவ்வளவோ செய்திருக்கிறார்கள், இந்த அளவுக்கு யாரும் போகவில்லை.

இந்தக் கடையை ஒரே ஆள் மடக்கினார்: மார்க் ட்வைன். 1870களில் லண்டனில் கிளை நடத்திக்கொண்டிருந்த ஃபௌலரிடம் பொய்ப் பெயரில் போய் உட்கார்ந்தார். ஃபௌலர் சுவாரசியம் இல்லாமல் தடவினார். துணிச்சல் மலை அளவு இருக்கிறது, ஆனால் எச்சரிக்கை மேடு அதை அழுத்திவிட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். இங்கே மேடு இல்லை, பள்ளம் இருக்கிறது, இப்படி ஒரு பள்ளத்தை நான் பார்த்ததே இல்லை என்றார். அது நகைச்சுவை இருக்கவேண்டிய இடம். மூன்று மாதம் கழித்து ட்வைன் தன் சொந்தப் பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டு மறுபடி போனார். பள்ளம் காணாமல் போயிருந்தது. அதே இடத்தில் இப்போது எவரெஸ்ட் நின்றது. ஃபௌலர் தன் வாழ்நாளில் கண்ட மேடுகளிலேயே உயரமானது அதுதானாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்? இதற்கு விடை 1948ல் கிடைத்தது. பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணச்சித்திரம் எழுதிக்கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் சொன்னார், 39 பேருக்கும் கொடுத்தது ஒரே காகிதம், அதையும் தெருக்கடை ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்தேன் என்று. மற்றவர்கள் உங்களை நேசிக்கவேண்டும் என்று விரும்புகிறீர்கள், வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுகிறீர்கள், இந்த ரகம். படித்த எவனும் இது எனக்கே எழுதியது என்பான். மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும், பொருந்தாததைக் காதில் வாங்காது. ஃபௌலரின் விரலுக்கடியில் இருந்த தலைக்குள்ளே உண்மையில் நடந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். அவர் பட்டியலில் இதற்கு மட்டும் மேடு கிடையாது.

டாக்டர் காலை முழுக்க முட்டாள் என்று தள்ளிவிடவும் மனசு வரவில்லை. மனசு என்பது மூளையின் வேலை, மூளையில் வெவ்வேறு இடத்துக்கு வெவ்வேறு பொறுப்பு என்று அடித்துச் சொன்னவர் அவர். மூளையை அறுத்து அதன் நரம்பிழைகள் போகிற பாதையைத் தொடர்ந்து காட்டியதில் அவர் காலத்தில் அவருக்கு நிகர் குறைவு. 1861ல் பாரிசில் ப்ரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒரே அசையைத் தவிர எதையும் பேசமுடியாமல் வருஷக்கணக்கில் கிடந்து செத்த நோயாளியின் மூளையைத் திறந்தார். இடது முன்பக்கத்தில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு இடம் உண்டு என்பது நிரூபணமானது. கால் சொன்ன முட்டைக்கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அந்த இடம். தத்துவம் பாதி சரி, மண்டையைத் தடவினால் தெரியும் என்பது மட்டும் முழுப் பொய். மண்டையோட்டின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், வெளி மேட்டுக்கும் உள்ளே இருக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை. புருவத்துக்கு மேலே அவர்கள் தடவித் தடவிப் பரவசப்பட்ட இடத்தில் எலும்புக்குள் ஒரு பொந்து இருக்கிறது. உள்ளே வெறும் காற்று. எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டன் இதை அப்போதே எடுத்துச் சொன்னார், யாரும் கேட்கவில்லை.

தடவல் மவுசு குறைந்ததும் தராசைத் தூக்கினார்கள். மூளை கனமாக இருந்தால் அறிவும் கனம் என்பது புதுச் சித்தாந்தம். ம்யூனிக்கின் பிஷோஃப் என்ற பேராசிரியர், பெண்களின் மூளை சராசரியாக நூறு கிராமுக்கு மேல் எடை குறைவு, ஆகவே மருத்துவப் படிப்பு அவர்களுக்கு ஒத்துவராது என்று 1872ல் எழுதினார். 1882ல் செத்தார். சீடர்கள் மரியாதையாக அவர் மூளையை எடுத்து நிறுத்தார்கள். 1,245 கிராம். ஆண்களுக்கு அவரே போட்ட சராசரிக்கு நூறு கிராமுக்கு மேல் குறைவு. நல்லவேளை, மனிதர் முன்னாலேயே பட்டம் வாங்கியிருந்தார். துர்கனேவின் மூளை 2,012 கிராம் என்று ரஷ்ய இலக்கியம் கொண்டாடியது. நோபல் பரிசு வாங்கிய அனத்தோல் ஃப்ரான்சின் மூளை 1,017 கிராம், ஏறத்தாழ அதில் பாதி. பாரிசில் ஒரு சங்கமே வைத்து, யார் முதலில் செத்தாலும் மற்றவர்கள் அவர் மூளையை எடுத்து ஆராயலாம் என்று உறுப்பினர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கூட்டத்தில் ஒருவர் இருமினால் மற்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

1955ல் ஐன்ஸ்டைன் இறந்தபோதும் ஹைடன் கதைதான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஹார்வி, யாரையும் கேட்காமல் மூளையை எடுத்துக்கொண்டார். 1,230 கிராம், நம்முடையதைவிடக் கூடுதல் இல்லை. 240 துண்டுகளாக நறுக்கி, ஜாடிகளில் போட்டு, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தார். 1978ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது, பியர் குளிர்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினார். ஹைடனுக்குக் கிடைத்த பட்டு மெத்தை இவருக்குக் கிடைக்கவில்லை. தலைக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

லண்டனில் ஃபௌலர் தொடங்கிய பிரிட்டிஷ் மண்டையியல் சங்கம் 1967ல்தான் கடையைக் கட்டியது. மனிதன் நிலாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். 2018ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலர், காலுக்குக் கடைசியாக ஒரு நியாயம் செய்துவிடுவோம் என்று ஏறத்தாழ 6,000 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துத் தலையின் மேடு பள்ளங்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குணங்களோடு ஒப்பிட்டார்கள். காமத்துக்கு, வாழ்நாளில் எத்தனை துணை என்ற கேள்விக்கு வந்த பதிலை எடுத்துக்கொண்டார்கள். எந்த மேட்டுக்கும் எந்தக் குணத்துக்கும் தொடர்பு இல்லை. பிடரி நிரபராதி.

மண்டையை விட்டுவிட்டு இப்போது விரலுக்கு வந்திருக்கிறார்கள். நம் ஊரில் பள்ளிக்கூட ஆண்டுவிழா மைதானத்தில் மேஜை போட்டு, பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, இவன் இடது மூளைக்காரன், இவளுக்கு இசை அறிவு 14 சதவீதம், இவன் இன்ஜினியர் ஆகலாம், வக்கீல் ஆகக்கூடாது என்று வண்ணப்படங்களோடு அறிக்கை தருகிறார்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர். கட்டணம் ஆயிரங்களில். இதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019லேயே அறிவித்துவிட்டது. நம் தாத்தாக்களுக்குச் சாமுத்ரிகா லட்சணம் சொன்னவரும் அங்கத்தைப் பார்த்துத்தான் ஆளைச் சொன்னார். ஆனால் வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார், நரம்பியல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்க வைக்கிறேன் என்று நடுமூளையைத் 'தூண்டி'விட்டவர்கள் இன்னொரு ரகம். அங்கே மூக்கோரத்தில் இருக்கும் இடுக்கு வழியாகப் பார்க்கப் பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். கட்டணத்துக்கு அந்த அளவுக்காவது பயிற்சி கிடைத்தது.

ஆகவே அம்மா, அப்பா, அந்த மேஜையைப் பார்த்தால் நேரே பஜ்ஜிக் கடைக்குப் போய்விடுங்கள். இல்லை, பணம் கட்டியே தீருவோம், பக்கத்து வீட்டுப் பையன் அறிக்கை வாங்கிவிட்டான் என்றால் மார்க் ட்வைன் வழியில் போங்கள். ஒரே பிள்ளையை ஒரு கம்பெனியிடம் சொந்தப் பெயரிலும் இன்னொரு கம்பெனியிடம் வேறு பெயரிலும் கொண்டுபோய்க் காட்டி, இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.